வேனிக்கு அழத் தெரியவில்லை

அனுசுயாவின் மகள் வேனி முதல்முதலாகக் குப்புற விழுந்ததைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அனுசுயா, இன்னொருத்தி வேனி. பெற்றவள் என்பதால் அனுசுயாவின் சாட்சி செல்லாது, சம்பந்தப்பட்ட ஆள் என்பதால் வேனியின் சாட்சியும் செல்லாது என்று பிற்பாடு தெரியவந்தது. ஆகவே முறைப்படி அந்தக் குழந்தை அன்றைக்குக் குப்புற விழவில்லை.

விழாத அந்த இடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடி. நல்ல கட்டடம்தான். காற்று வரும், தண்ணீர் வரும், மொட்டைமாடிக்குப் போனால் ராஜகோபுரம் தெரியும். மனுஷர்கள்தான் வர மாட்டார்கள். பெருமாளுக்குப் பக்கத்தில் நமக்கும் ஒரு வீடு கிடக்கட்டும் என்று அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் வாங்கிப் போட்ட வீடுகள் அவை. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து திறப்பார்கள், சொர்க்கவாசல் சேவித்துவிட்டுப் பூட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் கதவுக்குக் கதவு பூட்டுதான் தொங்கும்.

அனுசுயாவின் கணவன் கலையரசன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவளுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு விமானம் ஏறியவன். பிள்ளை பிறந்ததையும் போனில்தான் பார்த்தான். டவுனில் இருந்தால்தான் நல்ல டாக்டர், நல்ல ஸ்கூல் என்று இந்த வீட்டை மஸ்கட்டிலிருந்தே பேசி முடித்தான். அனுசுயாவின் அம்மா மயிலம்மாள் துறையூர்ப் பக்கத்திலிருந்து மகளையும் பேத்தியையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலைப் பார்த்தாள், பூட்டுகளைப் பார்த்தாள். "காத்து நல்லா வருது" என்றாள். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். வீட்டில் மாடு கட்டிக் கிடந்தது.

குப்புற விழுந்த செய்தியை அனுசுயா அவளுக்குத்தான் முதலில் சொன்னாள்.

"கொழுக்கட்டை அவிச்சு நாலு பேருக்குக் குடுடி. நாலு பேரு வாயால பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றாள் மயிலம்மாள்.

கொழுக்கட்டை அவிப்பது கஷ்டமில்லை. நாலு பேருக்கு எங்கே போவது? தூக்குவாளியும் குழந்தையுமாக அனுசுயா மாடி மாடியாக ஏறி இறங்கினாள். தண்ணீர் கேன் போட வந்தவர் ஒன்று எடுத்துக்கொண்டார், அவசரம் என்றார். மிச்சத்தை அவளே ராத்திரிக்கும் மறுநாளைக்கும் வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது அழுகை வந்தது. கொழுக்கட்டைக்கு யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கலையரசனுக்கு மகளைப் பார்க்கத் தினம் சாயங்காலம் வீடியோ கால். "அப்பா பாரு, அப்பா!" என்று அனுசுயா போனை நீட்டுவாள். வேனி அப்பாவைப் பிடுங்கி வாயில் வைப்பாள். அப்பா என்பது உள்ளங்கை அகலத்தில் வழுவழுவென்று, கொஞ்சம் சூடாக, சார்ஜ் போட்டால் பேசுகிற ஒரு சாமான் என்று அந்தக் குழந்தை புரிந்துவைத்திருந்தது. அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது.

இப்படிப் பார்ப்பது போதாது என்று கலையரசனுக்குப் பட்டது. அவன் கண்ணில் ஒரு விளம்பரமும் பட்டது. "உங்கள் குழந்தை நார்மலா? நிச்சயமாகவா?" என்று கேட்டது அந்த விளம்பரம். அதுவரை நிச்சயமாக இருந்தவனுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. திருச்சி டவுனில் இருந்த 'முதற்படி மழலை வளர்ச்சி மதிப்பீட்டு மைய'த்தில் மகளை மஸ்கட்டிலிருந்தே சேர்த்துவிட்டான்.

மையத்தை நடத்துபவர் டாக்டர் முருகானந்தம். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. முன்னே டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். பழைய தொழிலை அவர் அடியோடு மறந்துவிடவில்லை என்பது மையத்தின் தரையைப் பார்த்தால் தெரியும். வெள்ளை பெயிண்ட்டில் பெரிதாக ஒரு எட்டு போட்டிருந்தது. தவழும் பருவம் வந்த குழந்தைகள் அதன்மேல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கோட்டை மிதித்தால் மறுபடி அடுத்த மாதம்தான்.

கவுன்சலர் ரஞ்சனி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள். "குப்புற விழுறாளா?"

"போன வாரமே விழுந்துட்டா மேடம்."

"யார் பாத்தது?"

"நான்தான் மேடம்."

"நீங்க அம்மா."

"ஆமா மேடம்."

"அதத்தான் சொல்றேன். அம்மா சாட்சி எடுத்துக்க மாட்டோம். எந்த அம்மா என் புள்ள விழலைன்னு சொல்லியிருக்காங்க? குடும்பத்துல ஒருத்தர், வெளிய ஒருத்தர், ரெண்டு பேர் பாத்திருக்கணும்."

"வீட்டுல நானும் அவளும்தான் மேடம்."

"பக்கத்து வீட்டுல?"

"பூட்டியிருக்கு."

"அதுக்கும் பக்கத்துல?"

"அதுவும்தான் மேடம்."

"போன்ல வீடியோ எடுத்திருக்கேன்" என்று அனுசுயா நீட்டியதை ரஞ்சனி வாங்கவில்லை. வீடியோவில் குழந்தையை யாராவது புரட்டிவிட்டிருக்கலாமாம். ஆகவே குழந்தை இங்கேயே, மூன்று பேர் கொண்ட குழு முன்னால் விழ வேண்டும். குழு வந்து உட்கார்ந்தது. வேனி குழுவை ஒரு பார்வை பார்த்தாள், கொட்டாவி விட்டாள், தூங்கிப் போனாள். குழு அவள் தூங்குவதை அரைமணி நேரம் கவனமாகப் பார்த்து, 'ஒத்துழைப்பு போதாது' என்று முடிவு செய்தது.

அன்று முருகானந்தமே அனுசுயாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

"குழந்தை வளருதா இல்லையாங்கிறது பெரிய விஷயமில்லம்மா. வளருதுன்னு நிரூபணம் ஆகணும். நம்ம நாட்டுல கோடிக்கணக்கான பேரு மதிப்பீடே இல்லாம வளந்துட்டாங்க. எப்ப உக்காந்தான், எப்ப நின்னான், ஒரு ரெக்கார்டு கிடையாது. அதோட விளைவைத்தான் இன்னைக்கு எங்க பாத்தாலும் பாக்குறோம். நானே அப்படி வளந்தவன்தான்."

அனுசுயா தலையாட்டினாள். அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மதிப்பீடு உடனுக்குடன் கலையரசனின் போனுக்குப் போய்விடும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. காலையில் வேலைக்கு வேன் வருவதற்கு முன்னால் அவன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"சிவப்பா காட்டுதே அனு."

"அவ விழுந்தாங்க. சத்தியமா விழுந்தா. நான் பாத்தேன்."

"நீ பாத்தா ஆச்சா? நாள் முழுக்கப் புள்ளகூடத்தான இருக்க, நாலு பேரு பாக்குறப்ப விழுற மாதிரி பழக்கக்கூடாதா?"

மறுபடியும் அந்த நாலு பேர். அனுசுயாவுக்கு அவர்கள் மேலேயே கோபம் வந்தது. இருந்தால்தானே கோபித்துக்கொள்ள.

மாதங்கள் போயின. வேனி உட்கார்ந்தாள், தவழ்ந்தாள், கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் அனுசுயா பார்த்தாள், எதுவும் நடக்கவில்லை. மார்கழியில் ஏகாதசிக்காரர்கள் வந்தார்கள். படிக்கட்டில் சத்தம் கேட்டது, புளியோதரை வாசனை வந்தது, யார் யாரோ வேனியை மடிமேல் வைத்துக்கொண்டார்கள். அவளும் மடி மடியாகத் தாவினாள். அப்புறம் ஒருநாள் காலையில் எல்லாப் பூட்டும் பழையபடி தொங்கின. வேனி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து "தா" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. வா என்பதற்கும் அதுதான், தா என்பதற்கும் அதுதான்.

ஒன்பதாம் மாத மதிப்பீட்டில்தான் பெரிய குண்டு விழுந்தது. அந்த வயதுக் குழந்தை தெரியாத ஆளைக் கண்டால் பயந்து அழ வேண்டும். அதற்கு 'அந்நியர் அச்சம்' என்று பெயர். மையத்தில் அதற்கென்று ஓர் அந்நியரை வேலைக்கே வைத்திருந்தார்கள். பெயர் பிராங்க்ளின். பொன்மலை ரயில்வே பணிமனையில் ரிட்டயர் ஆனவர். ஆறடி ஆள், முகத்தில் பாதி மீசை. திரைக்குப் பின்னாலிருந்து அவர் திடீரென்று வெளிப்பட்டதும் குழந்தைகள் அலறுகிற அலறல் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். ரஞ்சனி நிம்மதியாகப் பச்சையை அழுத்துவாள்.

வேனி முன்னால் திரை விலகியது. பிராங்க்ளின் முழுசாக வெளிப்பட்டார். வேனி மீசையைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி, "தா" என்று சிரித்தாள்.

ரஞ்சனி திரையை மூடச்சொல்லி மறுபடி திறக்கச் சொன்னாள். இந்தத் தடவை வேனி கைதட்டினாள்.

"உங்க பொண்ணு எல்லார்கிட்டயும் போறா. இது கவலைப்பட வேண்டிய விஷயம்" என்றார் முருகானந்தம்.

"நல்லதுதானே சார்?"

"என்னம்மா நல்லது? தெரிஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சாத்தானே தெரியாதவங்களைக் கண்டு பயப்பட முடியும்? உங்க வீட்டுக்கு வழக்கமா யார் யாரு வருவாங்க?"

அனுசுயா யோசித்துப் பார்த்தாள். "யாரும் வர மாட்டாங்க சார்."

"பாத்தீங்களா! அவளுக்கு உலகத்துல எல்லாருமே அந்நியர். அதனால யாருமே அந்நியர் இல்லை." சொன்னது அவருக்கே பிடித்துப் போயிற்று. போர்டில் எழுதிப் போடச் சொன்னார். தன் வாழ்க்கையை வேறொருத்தர் இவ்வளவு சரியாகச் சொல்லி அனுசுயா கேட்டதில்லை. அதைப் போர்டில் எழுதுவார்கள் என்றும் அவள் எதிர்பார்க்கவில்லை.

மையத்தில் இதற்கும் ஒரு திட்டம் இருந்தது. 'இல்லம் தேடி வரும் அந்நியர்'. வாரத்துக்கு ஒருநாள் பிராங்க்ளின் வீட்டுக்கே வருவார், குழந்தை பயப்படும்வரை அல்லது நேரம் முடியும்வரை நிற்பார். வாசல்படிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, ஒரு வாய் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. உப்பிட்டால் உறவு வந்துவிடும் என்கிற விஷயம் மையத்துக்கும் தெரிந்திருந்தது.

அப்படியாக, அந்த வீட்டுக் கதவை வாரம் தவறாமல் தட்ட ஒரு மனுஷர் ஏற்பட்டார்.

முதல் நாள் பிராங்க்ளின் செருப்பு விடுகிற இடத்தில் சிலை மாதிரி நின்றார். அனுசுயா "உள்ள வாங்க" என்றாள். சட்டைப் பையிலிருந்து விதிமுறை அட்டையை எடுத்துக் காட்டினார். வேனி தவழ்ந்து வாசல்படிவரைக்கும் வந்து, உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். பிராங்க்ளின் விட்டத்தைப் பார்த்தார். நேரம் முடிந்ததும் போய்விட்டார்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை வெயில் கொளுத்தியது. பொன்மலையிலிருந்து பாலம் தாண்டி டிவிஎஸ் ஃபிப்டியில் வந்த மனிதர், மீசை முழுக்க வியர்வையோடு மெதுவாகச் சொன்னார்: "தண்ணி மட்டும் குடுங்கம்மா. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

அப்புறம் மோர் ஆயிற்று. அப்புறம் டீ. எல்லாம் வாசல்படிக்கு வெளியேதான், விதியை அந்த அளவுக்கு அவர் மதித்தார். அனுசுயா உள்பக்கம் உட்கார்ந்துகொள்வாள், நடுவில் படிமேல் வேனி.

"வீட்டுக்காரி போய்ட்டா. பொண்ணு கனடாவுல. பேரன் பேத்தி எல்லாம் போன்லதான்" என்றார் ஒருநாள். "சும்மா இருக்கோமே, புள்ளைங்க நடுவுல இருக்கலாமேன்னுதாம்மா இந்த வேலையில சேந்தேன். மூஞ்சியப் பாத்ததும் எடுத்துக்கிட்டாங்க. எல்லாப் புள்ளையும் என்னப் பாத்து அழுவுது. நல்லா அழுதா ரஞ்சனி மேடம் கையக் குலுக்குது. வீட்டுக்குப் போயி கண்ணாடியப் பாக்கவே புடிக்கல."

"இவ அழலையே."

"அதாம்மா பயமா இருக்கு" என்றார் பிராங்க்ளின். "இவளும் அழ ஆரம்பிச்சுட்டா எனக்கு இங்க வேலை இல்லையே."

அவர் வருகிற நாளில் அனுசுயா காலையிலேயே தலைவாரிப் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். டிவிஎஸ் சத்தம் திருப்பத்தில் கேட்கும்போதே வேனி வாசலுக்குத் தவழ்வாள். ஒரு அந்நியரைக்கூட மையம்தான் அனுப்பிவைக்க வேண்டியிருந்தது என்று நினைக்கையில் அனுசுயாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. வாரத்தில் மற்ற நாட்கள் அந்த ஒரு நாளுக்குப் போய்ச் சேருகிற வழி மாதிரி ஆகிவிட்டன.

மாசியில் ஒருநாள் பிராங்க்ளின் வந்து நின்றதும் வேனி படியருகே போனாள். எப்போதும்போல உட்காரவில்லை. ஒரு கையை அந்தப் பக்கம் வைத்தாள். இன்னொரு கை. முட்டியைத் தூக்கினாள், வயிறு படியில் சிக்கியது, முக்கினாள், அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்து, அவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பிராங்க்ளினுக்கு அட்டையும் மறந்தது, விதியும் மறந்தது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு, "படி தாண்டிட்டாம்மா! புள்ள படி தாண்டிட்டா!" என்று கத்தினார். பூட்டிக்கிடந்த மாடிகளிலெல்லாம் அது போய் மோதித் திரும்பி வந்தது.

"பாத்தீங்கதானே? நீங்க பாத்தீங்கதானே?" என்று அனுசுயா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பாத்தேம்மா. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஏம்மா அழுவுற?"

இத்தனை மாதமாக அந்த வீட்டில் நடந்ததில் இன்னொருத்தர் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். படி தாண்டினால் இனிப்பு செய்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். நாலு பேரில் ஒருத்தர் வந்துவிட்டார். அனுசுயா ஓடிப்போய் சேமியா பாயசம் வைத்தாள். பிராங்க்ளின் இரண்டு டம்ளர் குடித்தார். முதல்முறையாக வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்து குடித்தார்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய மீசையில் ஒரு சேமியா மாட்டிக்கொண்டால் அதைச் சொல்வதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். பிராங்க்ளின் வீட்டில் அப்படி யாரும் இல்லை. மறுநாள் காலையில் மையத்துக்குள் நுழைந்ததும் ரஞ்சனி அதைக் கண்டுபிடித்தாள்.

விசாரணைக்கு அனுசுயாவும் போக வேண்டியிருந்தது. மேஜைமேல் ஒரு காகிதத்தில் அந்தச் சேமியா வைக்கப்பட்டிருந்தது.

"இது எந்த வீட்டுச் சேமியா?" என்று கேட்டார் முருகானந்தம்.

"அவங்க வீட்டுதுதான் சார்" என்றார் பிராங்க்ளின். "நல்லா இருந்துச்சு."

"சார், அவரு மேல தப்பில்ல. புள்ள படி தாண்டுனத அவரு பாத்தாரு. இப்ப எங்களுக்குத் தெரிஞ்சவரு ஆயிட்டாரு. அவரைச் சாட்சியா எடுத்துக்கங்க சார்" என்றாள் அனுசுயா. அவள் அவ்வளவு நீளமாக அங்கே பேசியது அதுவே முதல் தடவை.

முருகானந்தம் நாற்காலியில் சாய்ந்தார். "அவரை அனுப்புனது அந்நியரா. அந்நியர் சாட்சி சொல்ல முடியாது. தெரிஞ்சவரா ஆயிட்டார்னா அந்நியரா இருக்க முடியாது. இப்ப அவரு ரெண்டும் இல்லை. ரெண்டும் இல்லாத ஆளை மையம் எங்க வெச்சுக்கும்? இப்படி வர்றவங்க போறவங்க எல்லாம் பாசமா இருக்க ஆரம்பிச்சா அப்புறம் எங்களைத் தேடி யாரும்மா வருவாங்க?"

'உறவு கொண்டாடிய குற்ற'த்துக்காகப் பிராங்க்ளின் அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வேனியைப் பார்த்தார். வேனி கை நீட்டி "தா" என்றாள். ரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் விட்டத்தைப் பார்த்தபடி வெளியே போனார். பொன்மலையில் எந்தத் தெரு என்று அனுசுயா ஒருநாளும் கேட்டிருக்கவில்லை. வாரா வாரம் தானாக வருகிறவரிடம் யார் விலாசம் கேட்பார்கள்?

வேனிக்குத் தீவிரப் பயிற்சி என்று எழுதப்பட்டது. அதற்கு வந்தவன் பிரவீன்ராஜ், ஜிம்முக்குப் போகிற வாலிபன். மையம் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தூக்கலான சென்ட்டும் கொடுத்திருந்தது. அவன் நிற்க மாட்டான். படி ஏறி ஓடிவந்து, "மன்னிச்சுக்கங்கக்கா, ரூலு" என்று சொல்லிவிட்டு, அம்மா இடுப்பிலிருந்து குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வான். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். நல்ல பையன்தான். போகும்போது மறுபடி ஒரு தடவை மன்னிப்புக் கேட்பான்.

முதலில் வேனி அவன் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள். பிறகு படிக்கட்டில் சென்ட் வாசனை வந்தாலே அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாசலுக்குத் தவழ்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் இன்னும் வாய்விட்டு அழவில்லை. அதனால் இன்னும் சிவப்புதான்.

"வேணாங்க, நிறுத்திடலாம்" என்றாள் அனுசுயா போனில். "பாவமா இருக்கு. புள்ள சிரிப்பே கொறஞ்சுபோச்சு."

"பொறந்தநாளுக்கு நான் வந்துடுவேன் அனு. அன்னைக்கு சர்ட்டிபிகேட் கைல இருக்கணும். இங்க ரூம்ல எல்லாருக்கும் காட்டியிருக்கேன். எம்பொண்ணு இது பண்ணா, அது பண்ணான்னு எல்லாரும் சொல்றானுங்க. எனக்குச் சொல்ல இந்தப் பச்சையும் சிவப்பும்தான இருக்கு?"

மகள் வளர்வதை அவள் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. அவன் நம்பினான், பார்க்கத்தான் முடியவில்லை. அவன் மேல் வந்த கோபம் பாதியிலேயே கரைந்துவிட்டது. "சரிங்க" என்றாள்.

பங்குனியில் வேனியின் பிறந்தநாள் அன்றைக்கே இறுதி மதிப்பீடு. கலையரசனின் விமானமும் அன்று காலையில்தான் இறங்கியது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வைக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே மையத்துக்கு வந்தான்.

உள்ளே குழு உட்கார்ந்திருந்தது. திரைக்குப் பின்னால் பிரவீன்ராஜ் தயாராக இருந்தான். தரையில் எட்டுக்கு நடுவில் அனுசுயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது வாசல்கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மஸ்கட் சென்ட் கமகமக்க ஒருத்தன் ஓடிவந்தான். "எந் தங்கம்!" என்று அம்மா இடுப்பிலிருந்து குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டான்.

வேனி ஒரு கணம் மூச்சையே விடவில்லை. பிறகு அலறினாள். அதுவரை அந்த மையத்தில் அப்படி ஒரு அலறல் கேட்டதில்லை. உடம்பை வில்லாக வளைத்து, காலால் உதைத்து, முகமெல்லாம் நீலம் பாய, அம்மா பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அலறினாள்.

குழு எழுந்து நின்று கைதட்டியது. ரஞ்சனி பச்சையை அழுத்தினாள்.

"பிரமாதம்!" என்றார் முருகானந்தம். "புது அந்நியரா? யாரு அனுப்புனது? இந்த வேகம் பிரவீன்கிட்ட இல்லை!"

"சார்" என்றாள் அனுசுயா. "அவரு இவளோட அப்பா சார்."

கைதட்டல் நின்றது. குழந்தை மட்டும் அழுதது. முருகானந்தம் ஒரு தொழில்காரர். சீக்கிரமே சமாளித்துக்கொண்டார்.

"அதனால என்னம்மா? குழந்தை முடிவு பண்ணிடுச்சு. குழந்தையோட தீர்ப்புல மையம் தலையிடாது."

கலையரசன் கண்ணாடியைக் கழற்றினான். "அப்பா டா கண்ணு, அப்பா" என்றான். வேனி அம்மாவிடம் தாவி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இருங்க, அப்படியே இன்னொண்ணும் பாத்துடலாம்" என்றாள் ரஞ்சனி உற்சாகமாக. "சுட்டிக்காட்டுதல் பாக்கி இருக்கு. வேனி! அப்பா எங்க? அப்பா எங்கன்னு காட்டு!"

வேனி விசும்பலை நிறுத்தினாள். அது அவளுக்குத் தெரிந்த கேள்வி. கலையரசன் முகத்தை முன்னால் நீட்டினான். வேனி அவனைத் தாண்டிக் கையை நீட்டி, நாற்காலிமேல் கிடந்த அனுசுயாவின் கைப்பையைக் காட்டினாள். பைக்குள்தான் போன் இருந்தது.

"அதுவும் தேறிடுச்சு!" என்றாள் ரஞ்சனி.

சான்றிதழ் அங்கேயே அச்சடித்து வந்தது. தங்க ஓரம் போட்ட கெட்டிக் காகிதம். கீழே சோதனை செய்த அந்நியர் கையெழுத்துப் போட ஓர் இடம். அதற்குப் பக்கத்தில் 'குழந்தையுடன் உறவு: இல்லை' என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்தது.

"யார் கையில அழுதாளோ அவங்கதான் போடணும்" என்றார் முருகானந்தம். "போடாட்டி செல்லாது."

கலையரசன் பேனாவை வாங்கினான். அந்த வரியைப் படித்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்று அனுசுயா நினைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். மஸ்கட்டில் எத்தனையோ காகிதத்தில் படிக்காமல் போட்டவன், இதைப் படித்துவிட்டே போட்டான்.

"கட்டத்துக்குள்ள இருக்கணும் சார்" என்றாள் ரஞ்சனி.

ஆட்டோ காவிரிப் பாலம் ஏறியது. வேனி அம்மா தோளில் தூங்கிவிட்டாள். கலையரசன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பிராங்க்ளின்னு ஒருத்தர் வருவாருன்னு சொன்னியே. அவர்கிட்ட எப்படிப் போனா?"

"அவரு தூக்க வர மாட்டாருங்க. சும்மா நிப்பாரு. இவளா போவா."

வீட்டுக்கு வந்ததும் அவன் உள்ளே வரவில்லை. பெட்டிகளை மட்டும் தள்ளிவிட்டு, கண்ணாடியைப் பையில் போட்டான். மொட்டைமாடிக் குழாயில் போய்ச் சென்ட் போகக் கழுத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பூட்டிய கதவுகளுக்கு நடுவில், தன் வீட்டு வாசலில் நின்றான்.

"எங்க நிப்பாரு?"

"செருப்பு விடுற இடத்துல. படிக்கு அந்தப் பக்கம்."

அங்கே போய் நின்றான். உள்ளே வேனி கண்விழித்து, பாயில் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலுக்குத் தவழ்வதை அவள் மறந்து நாளாயிற்று. இவனுடைய லீவோ கொஞ்ச நாள்தான்.

"வேற என்ன பண்ணணும்?" என்று கேட்டான் கலையரசன்.

"பேசக்கூடாது" என்றாள் அனுசுயா. "சிரிக்கக்கூடாது."

அவன் நின்றான். சிரிக்காமல் இருப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை.